நான்காம் மாடிக் கதவைப் பிடித்த பேய்

அந்த அலுவலகத்தில் கதவைத் திறப்பதற்கு ஆளுக்கொரு வித்தை இருந்தது. அட்டையைச் சுவரில் உள்ள பெட்டியிடம் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. ஆனால் ஏற்பாட்டுக்கு வயதாகிவிட்டது. கணக்குப் பிரிவுத் தலைவர் அட்டையை இரண்டு தடவை ஊதிவிட்டுக் காட்டுவார். வரவேற்பறைப் பெண் அட்டையை வெளியே எடுக்கவே மாட்டாள். எடுத்தால் கதவு கோபித்துக்கொள்ளுமாம். கைப்பையோடு தூக்கிச் சுவரில் தேய்ப்பாள். சட்டப் பிரிவில் ஒருவர் முதலில் முழங்கையால் பெட்டிக்கு ஓர் இடி கொடுப்பார், பிறகு மன்னிப்புக் கேட்பதுபோல் தடவிக்கொடுப்பார். மூன்று பேருக்குமே கதவு சில நேரம் திறந்தது, சில நேரம் திறக்கவில்லை. திறந்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மூவரும் தத்தம் வித்தையில் உறுதியாக இருந்தார்கள்.

"ஊதினாலும் ஊதாட்டியும் பத்துல மூணு தடவை வேலை செய்யாது சார். நான் நின்னு பாத்துட்டேன்" என்று கணக்குப் பிரிவுத் தலைவரிடம் ஒருநாள் சொன்னாள் டார்ச் மேடம்.

"அது நீங்க பாத்துட்டு இருந்ததால மேடம்" என்றார் அவர்.

டார்ச் மேடம் என்பது முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். காப்பீட்டுக் கம்பெனியின் அந்த ஏழு மாடித் தலைமை அலுவலகத்துக்கு அவள் பராமரிப்பு அதிகாரி. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, டார்ச் விளக்கு இருக்கும். கூரைத் தட்டியை நகர்த்திப் பார்ப்பாள், கைகழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பாள், லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்ப்பாள். "அப்படித்தான் மேடம் இருக்கும்" என்று யாராவது சொன்னால் போதும், விளக்கு வெளியே வந்துவிடும்.

அவளுடைய அப்பா புத்தகம் பைண்டிங் செய்தவர். வீட்டுக்கு வந்த புத்தகங்களையெல்லாம் சிறுமி படித்தாள். ஆனால் பசை காய்ந்ததும் உரியவர் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் உலகத்தின் பெரிய பெரிய சிந்தனையாளர்கள் பலரை அவளுக்கு முக்கால்வாசி தெரியும். மீதிக் கால்வாசியை அவளே யோசித்து நிரப்பிக்கொண்டாள். பத்து வயதில், அடுத்த வீட்டு விறகறையில் பேய் அழுகிறது என்று தெருவே நடுங்கியபோது, உள்ளே போய் ஒரு பூனையையும் ஐந்து குட்டிகளையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். அன்று ஏற்பட்ட மிதப்பு இன்றும் முழுதாக இறங்கவில்லை.

பழைய அட்டை ஏற்பாட்டை மாற்றுவது என்று மேலிடம் முடிவு செய்ததும் திட்டம் போடும் பொறுப்பு அவளிடம் வந்தது. மாற்றியே ஆக வேண்டிய நிலைமை. கதவுகளை ஆளும் கணினி நிலவறையில் இருந்தது. அதன் திரை பழைய பல்போல மஞ்சளாகியிருந்தது. மேலே "யாரும் அணைக்க வேண்டாம்" என்று யாரோ ஒட்டிய காகிதத்தின் மேல் "ஆமாம்" என்று வேறொருவர் எழுதியிருந்தார். அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. உதிரிப் பாகம் செய்த கம்பெனியே மூடப்பட்டுவிட்டது. போதாக்குறைக்கு, தெருமுனைச் சாவிக் கடைக்காரர் செருப்புத் தைக்கிற நேரத்தில் அந்த அட்டைக்கு நகல் எடுத்துக் கொடுத்தார். பொது மேலாளரின் அட்டைக்கு மட்டும் ஊருக்குள் எத்தனை நகல் உலவுகிறது என்று பொது மேலாளருக்கே தெரியாது.

டார்ச் ஒவ்வொரு கதவாகப் போனாள். இந்தக் கதவு வழியாக யார் போகலாம், எந்த நேரத்தில் போகலாம் என்பதைப் பழைய கணினியிலிருந்து எடுத்துப் புதிய திட்டத்தில் ஏற்றுவது, பூட்டு எப்படி இருக்கிறது என்று நேரில் பார்ப்பது. அலுப்பான வேலை. மற்றவர்களுக்கு அலுப்பான வேலை என்றால் அவளுக்கு விருந்து.

நான்காம் மாடிக்கு வந்தபோதுதான் பேய் குறுக்கிட்டது.

ஒவ்வொரு மாடியிலும் கழிப்பறைப் பக்கம் போக ஒரு பொதுக் கதவு உண்டு. அதைத் தாண்டினால் இடப்பக்கம் பெண்களுக்கு, வலப்பக்கம் ஆண்களுக்கு. எல்லா மாடியிலும் அந்தக் கதவு அட்டை கேட்டது. நான்காம் மாடியில் மட்டும் கேட்கவில்லை. சிவப்பு விளக்கு கடமையாக எரிந்துகொண்டிருந்தது, தோளால் லேசாகத் தள்ளினால் கதவு திறந்துகொண்டது.

"ஏன் யாரும் புகார் குடுக்கல?"

"குடுத்துக் குடுத்து ஓஞ்சுட்டோம் மேடம்" என்றார் கணக்குப் பிரிவுத் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க தலைமைக் கணக்கரா ஒருத்தர் இருந்தார். அவரோட ஓய்வூதியக் கோப்புல கையெழுத்து ஆகாமலே போய்ச் சேந்துட்டார். அதுலேர்ந்து இந்தக் கதவு பூட்டு நிக்கிறதில்ல."

"உயிரோட இருந்தப்ப அவர் எப்படி?"

"ரொம்ப மெதுவா வேலை பாப்பார்."

"ஒரு கோப்பையே நகத்தாத மனுஷன் செத்தப்புறம் கதவை நகத்துறாரா?"

அவர் அட்டையை ஊதினார்.

பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவரும் கையை விரித்தார். "நான் வந்து பாத்தா கதவு சாதுவா நிக்கும் மேடம். ரெண்டு பேர் சேந்து இழுத்தாலும் வராது. சரின்னு எறங்கிப் போய் வண்டிய எடுக்கிறதுக்குள்ள போன் வரும், மறுபடி தொறந்துக்குச்சுன்னு."

டார்ச் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். கதவு நிலையின் மேல்புறத்தில் ஒரு காந்தம். கதவின் உச்சியில் அதற்கு நேராக ஓர் இரும்புத் தகடு. இரண்டும் ஒட்டிக்கொண்டால் பூட்டு. விளக்கை அடித்துப் பார்த்தாள். தகட்டின் மேல் கறுப்பாக ஏதோ இருந்தது. நகத்தால் நெம்பினாள். சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு. ஓரங்கள் ஒழுங்காக, மூலைகள் உருட்டி வெட்டப்பட்டிருந்தன. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் இருந்தால் பிடி எங்கிருந்து வரும்? துண்டை எடுத்ததும் கதவு 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது.

"பேய்க்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியுது" என்றாள்.

அந்த மிதப்போடு நேரே பொது மேலாளரின் அறைக்குப் போனாள். ரப்பர்த் துண்டை மேசைமேல் வைத்துக் காந்தத்தையும் தகட்டையும் விளக்கினாள். இதுநாள்வரை நம்பிய பேயை ஒரு நாற்காலியும் ஒரு விளக்கும் விரட்டிவிட்டதைச் சொல்லி முடித்தபோது கைதட்டல் எதிர்பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

பொது மேலாளர் ரப்பரைப் பார்க்கவே இல்லை. "யாரு?" என்றார்.

"அது... தெரியல சார்."

"கண்டுபிடிங்க. ஒப்பந்த ஆளா இருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பிடலாம்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாதுகாப்பு அதிகாரி தலையசைத்தார். அவரை அலுவலகம் 'விறைப்பு' என்று அழைத்தது. உட்கார்ந்திருக்கும்போதும் நிற்பதுபோலவே இருப்பார். "புதுத் திட்டத்துல அந்தக் கதவுக்கு ரெட்டைப் பூட்டு, எதிர்ல ஒரு கேமரா" என்றார் விறைப்பு. "வெள்ளிக்கிழமை கூட்டத்துல திட்டத்தோட ஆள் பேரையும் சேத்துக் குடுத்துடுங்க மேடம்."

அவள் வெளியே வந்தாள். பூனையைப் பிடித்துக்கொண்டு வந்தால், பூனையைத் தூக்கில் போடு என்கிறார்களே என்று முதல் தடவையாக ஏதோ உறுத்தியது.

மறுநாள் முற்பகலில் நான்காம் மாடி நடைக்கூடத்தில் நின்றிருந்தாள். துப்புரவுப் பெண்களில் மூத்தவர், எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுபவர், கழிப்பறைக் கதவருகே வந்தார். இரு பக்கமும் பார்த்தார். தோளால் தள்ளினார். கதவு அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார். பிறகு கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, விறுவிறுவென்று படியிறங்கத் தொடங்கினார்.

சிக்கினார் என்று நினைத்தாள் டார்ச். ரப்பர் வாங்கத்தான் போகிறார். சத்தமில்லாமல் பின்தொடர்ந்தாள். பெரியக்கா நான்கு மாடியும் இறங்கி, கார் நிற்கும் இடத்தைக் கடந்து, பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய், வண்டிகளுக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டே சாலையைக் கடந்து எதிரே இருந்த பெட்ரோல் பங்குக்குள் போனார்.

பின்வாசல் காவலாளியிடம் கேட்டாள். "அவங்க எங்க போறாங்க?"

"பங்குக்கு மேடம்."

"அங்க எதுக்கு?"

காவலாளி வானத்தைப் பார்த்தார். "பெட்ரோல் போடுறதுக்கு இல்லைங்க மேடம்" என்றார்.

டார்ச்சுக்கு விளங்கியது. விளங்கியதும் முகம் சூடாகியது.

பெரியக்கா திரும்பி வந்து அவளைப் பார்த்ததும் நின்றார். "நான் எதையும் ஒட்டல மேடம்."

"ஒட்டினதப் பத்தி நான் கேக்கவே இல்லையேக்கா."

பெரியக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். காவலாளி மறுபடி வானத்தைப் பார்த்தார்.

"உங்க அட்டை அந்தக் கதவைத் தொறக்காதா?"

"தொறக்குமே. எங்க சாம்பல் அட்டைக்குக் காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் தொறக்கும், கழுவி விடுறதுக்கு. எட்டுக்கு மேல ஆபீசர்ங்க வெள்ளை அட்டைக்கும் கிளார்க்குங்க நீல அட்டைக்கும்தான்."

"நீங்க சாயங்காலம் வரைக்கும் இங்கதானே இருக்கீங்க? அப்ப உங்களுக்கு?"

"கீழ நிலவறைல ஒண்ணு எங்களுக்குன்னு சொன்னாங்க. அதுல பழைய கோப்பெல்லாம் கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருக்கு. அதுங்களுக்கு அவசரம்போல." சிரிக்காமல்தான் சொன்னார். "எனக்குச் சர்க்கரை மேடம். ஒடம்புக்கு மணி பாக்கத் தெரியல. சின்னப் பொண்ணுங்க தண்ணியே குடிக்காம ஓட்டிடுதுங்க. நான் அப்படி இருந்து ஒருநாள் படியில மயங்கி விழுந்துட்டேன். அதுக்கப்புறம்தான்..." நிறுத்திக்கொண்டார்.

"பழுது பாக்குறவர் வந்தா மட்டும் கதவு எப்படிச் சாதுவாச்சு?"

பெரியக்கா காவலாளியைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமினார். "அவரு இந்த வாசல் வழியாத்தான் வரணும் மேடம். வந்தா நான் மாடிக்குப் போன் பண்ணி, பால் வந்தாச்சுன்னு சொல்லுவேன். அக்கா எடுத்துடுவாங்க."

"பேய்க் கதை?"

"அது எங்களோடது இல்ல" என்றார் பெரியக்கா அவசரமாக. "அதை ஆபீசர்ங்களே கட்டிக்கிட்டாங்க. நாங்க வேணாம்னு சொல்லல, அவ்வளவுதான்." பிறகு நேராகப் பார்த்துக் கேட்டார். "என்னைய நிறுத்திடுவாங்களா மேடம்?"



வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார், பிறகு சிரித்தார்.

"எதுக்குச் சிரிக்கிற?"

"இத்தனை வருஷம் எங்கூட இருக்கே. நாள் பூரா சீட்ல உக்காந்திருக்கிறவன் எங்கடா போவான்னு ஒருநாளாவது கேட்டிருக்கியா? எந்த ஸ்டாப்புக்குப் பக்கத்துல எந்தக் கடைக்காரன் கதவு தொறப்பான்னு எனக்குப் பாதையவிட அது நல்லாத் தெரியும். எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேப்பியேம்மா. இதுக்கு மட்டும் கேக்கலையா?"

"கேக்கல" என்றாள் அவள் சின்னக் குரலில். "அதைவிட மோசம். பழைய கணினியில இருந்ததை அப்படியே புதுத் திட்டத்துல ஏத்திட்டேன். ஆறுலேர்ந்து எட்டு. நானே டைப் அடிச்சேன். கை கூசவே இல்ல."

"இப்ப கூசுதுல்ல? வெள்ளிக்கிழமை வரைக்கும் கூசட்டும்" என்றார் அவர். தட்டை அவளிடம் துடைக்கக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக டார்ச் நான்காம் மாடிக்குப் போனாள். நாற்காலியில் ஏறி, ரப்பர்த் துண்டை இருந்த இடத்திலேயே ஒட்டினாள். கூட்டம் முடியும்வரையாவது யாரும் சாலையைக் கடக்க வேண்டாம்.

கூட்டத்தில் பொது மேலாளர், விறைப்பு, புதிய கருவி விற்கும் கம்பெனியின் பிரதிநிதி. பிரதிநிதி காலையிலேயே வந்து உட்கார்ந்து, கொடுத்த காப்பியையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கருவி அட்டையைப் பார்க்கும், கைபேசியைப் பார்க்கும், முகத்தையும் பார்க்கும். "ஒவ்வொரு கதவும் ஒரு தீர்வு" என்று அடிக்கடி சொன்னார்.

டார்ச் திட்டத்தைத் திரையில் காட்டினாள். யார், எப்போது என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. தலைப்பு: 'ஏன் பூட்டு?'

"இது என்ன புதுசா?" என்றார் பொது மேலாளர்.

"ஒவ்வொரு கதவுக்கும் காரணம் கேட்டு எழுதிடலாம்னு சார். பண அறைக்கு எழுதிட்டேன். கோப்பறைக்கு எழுதிட்டேன், வாடிக்கையாளர் விவரம் இருக்கு. கழிப்பறைக் கதவுக்கு எனக்குத் தெரியல. நீங்க சொன்னா எழுதிக்கிறேன்."

"பாதுகாப்பு" என்றார் விறைப்பு.

"எதோட பாதுகாப்பு சார்?"

"பொதுவான பாதுகாப்பு."

"உள்ள என்ன இருக்குன்னு போய்ப் பாத்தேன். தொட்டி இருக்கு, குழாய் இருக்கு, கண்ணாடி இருக்கு. கண்ணாடிய செவுத்தோட வெச்சுப் பூசியிருக்கு."

விறைப்பு யோசித்தார். அவர் யோசிப்பது கழுத்தில் தெரியும். "நான் சேந்த புதுசுல இங்க திரவ சோப்பு காணாமப் போச்சு. டப்பாவோட. அப்பதான் இந்தக் கதவுக்கெல்லாம் பூட்டுப் போட்டோம்."

"சோப்பு கிடைச்சுதா?"

"இல்ல."

"அப்போ, 'சோப்பு'ன்னு எழுதிக்கவா?" டார்ச் பத்தியில் தட்டினாள். பெரிய திரையில், ஏழு மாடிக்கும் நேராக, ஏழு தடவை 'சோப்பு' என்று விழுந்தது. பொது மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த நேரத்தில் பிரதிநிதி எழுந்தார். கொஞ்ச நேரமாகவே கால்மேல் கால் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவர். "மன்னிக்கணும் சார், கழிப்பறை எந்தப் பக்கம்?"

"நேராப் போய் வலது பக்கம்" என்றார் பொது மேலாளர். அட்டை ஞாபகம் வந்தது. கழுத்திலிருந்த தன் வெள்ளை அட்டையைக் கழற்றி நீட்டினார். "இதக் காட்டுங்க. வேலை செய்யலைன்னா ஊதிக் காட்டுங்க."

பிரதிநிதி ஓடாத குறையாகப் போனார். விறைப்பு சுவரை நிமிர்ந்து பார்த்தார். அட்டையை அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது என்ற விதியை எழுதியவர் அவர்தான். அது பொது மேலாளரின் தலைக்கு மேலேயே சட்டமிட்டுத் தொங்கியது.

டார்ச் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் வந்த வாய்ப்பை விடுகிற ஆளில்லை.

"சார், அவர் இந்தக் கட்டடத்துக்குள்ள வந்து ஒரு காலைப்பொழுது ஆகல. கேட்டார், குடுத்துட்டீங்க. யாரு, எந்த வண்ண அட்டை, மணி என்ன, ஒண்ணும் கேக்கல. கேக்கவும் கூடாது, அதுதான் மனுஷத்தனம். ஆனா இந்தக் கழிப்பறைய தெனமும் கழுவுறவங்க எட்டு மணிக்கு மேல அதுக்குள்ள போக முடியாது. ரோட்டைத் தாண்டி எதிர்ல இருக்கிற பெட்ரோல் பங்குக்குப் போறாங்க. அதுல ஒருத்தங்களுக்குச் சர்க்கரை."

"கீழ ஒண்ணு இருக்கே" என்றார் விறைப்பு.

"அதுல கோப்பு இருக்கு சார். கோப்புக்கு வராது. மனுஷங்களுக்கு வரும்."

பொது மேலாளர் முகத்தைச் சுளித்தார். "அது சரிம்மா. நான் கேட்ட பேரு எங்க? கதவைக் கெடுத்தது யாரு?"

பெரியக்கா அப்போது அதே மாடியில்தான் எங்கோ தரை துடைத்துக்கொண்டிருந்தார். வாளி நகரும் சத்தம் கேட்டது.

"என் பேரைப் போட்டுக்கோங்க. இன்னிக்குக் காலைல ரப்பரை ஒட்டினது நான்தான், பொய் இல்ல. வேணும்னா என்னை நிறுத்துங்க." டார்ச் திரைக்கு முன்னால் வந்து நின்றாள். "இந்த ஆபீஸ்ல பேயை நம்புறாங்கன்னு நான் இத்தனை நாள் சிரிச்சேன் சார். எட்டு மணி அடிச்சா கொஞ்சம் பேருக்கு மட்டும் மூத்திரம் நின்னுடும்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, காந்தம் வெச்சுக் காவலும் காத்தோமே, அதவிடப் பெரிய மூடநம்பிக்கை எது? புதுக் கருவி வாங்கினா அதே மூடநம்பிக்கைய இன்னும் வேகமா நம்பும். அவ்வளவுதான்."

கதவு திறந்தது. பிரதிநிதி நிம்மதியான முகத்தோடு உள்ளே வந்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "ரொம்ப நன்றி சார். உயிர் வந்துச்சு."

பொது மேலாளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். நல்லவராக மாறிவிட்டார் என்றெல்லாம் இல்லை. மூன்று பேர் முன்னால் மாட்டிக்கொண்ட மனிதர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்.

"கழிப்பறைக் கதவையெல்லாம் திட்டத்துலேர்ந்து எடுத்துடுங்க" என்றார். "எல்லா மாடியிலயும். பேரு கீரு ஒண்ணும் வேணாம்."

"ஏழு தீர்வு போயிடுமே சார்!" என்றார் பிரதிநிதி.

"நீங்க பேசாதீங்க" என்றார் பொது மேலாளர்.

"அப்ப சோப்பு?" என்றார் விறைப்பு.

"சோப்புக்கு நான் பொறுப்பு" என்றாள் டார்ச்.

பழைய பெட்டிகளைக் கழற்றும் வேலை அடுத்த மாதம் தொடங்கியது. நான்காம் மாடியில் காந்தத்தையும் தகட்டையும் எடுத்துவிட்டு, நிலையில் இருந்த ஓட்டைகளை அடைத்து, கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார்கள். டார்ச் மேற்பார்வை பார்ப்பதுபோல அங்கேயே நின்றாள். உண்மையில் பெரியக்கா வருவதைப் பார்க்கத்தான் நின்றாள். பத்து வயதுக்குப் பிறகு அப்படியொரு மிதப்பு வந்ததில்லை.

பெரியக்கா வந்தார். நடைக்கூடத்தில் இரு பக்கமும் பார்க்காமல் உள்ளே போனார். கொஞ்சம் பொறுத்து வெளியே வந்து, கையை உதறி ஈரத்தைப் போக்கிக்கொண்டே டார்ச்சின் எதிரே நின்றார்.

"நல்லா இருக்காக்கா?"

"நல்லா இருக்கு மேடம். இத்தனை நாளா எல்லாருமா உக்காந்து வெளிப்பூட்டப் பத்திப் பேசுனீங்க." பெரியக்கா வாளியைத் தூக்கினார். "உள்ள பொம்பளைங்க பக்கம் ரெண்டு கதவுலயும் தாழ்ப்பாள் இல்ல. இந்த வாளியத்தான் முட்டுக் குடுத்து உக்காந்திருக்கோம். அத எந்தக் கூட்டத்துல பேசுவீங்க?"

டார்ச் கைப்பையிலிருந்து விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். "ரெண்டுலயுமா?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

"ரெண்டுலயும்தான்" என்றார் பெரியக்கா. "விளக்கெல்லாம் எதுக்கு மேடம்? சும்மா தள்ளிப் பாருங்க, தெரியும்."